கியர்ப் பெட்டிக்கு உபசாரம்

செல்லத்துரை எண்ணெய் வியாபாரி. வந்த வினை எல்லாம் அதனால் வந்ததுதான். அவன் துணிக்கடையோ பாத்திரக்கடையோ வைத்திருந்தால், மோட்டார் சைக்கிளின் கியர்ப் பெட்டிக்கு எண்ணெய் மாற்றுகிற காலம் வந்ததும் பேசாமல் வண்டியை உருட்டிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டிருப்பான். தாராவி மெயின் ரோட்டில் அப்பா போட்ட கடையில், நடக்கப் பழகுமுன் எண்ணெய்த் தரையில் வழுக்கி விழப் பழகியவன் அவன். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவன், ஒரு பெட்டிக்குள் எண்ணெய் ஊற்ற இன்னொருவனைத் தேடிப் போவதா?

வண்டி கல்யாணில் ஒரு ரிட்டையர்டு அவில்தாரிடம் வாங்கியது. உலகப் போரில் ஓடிய வண்டி என்று அவில்தார் சொன்னார். எந்தத் தரப்பில் ஓடியது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பச்சை வண்டிக்குச் செல்லத்துரை கறுப்புப் பெயிண்ட் அடித்து, முன்னால் ஒரு எலுமிச்சம்பழமும் கட்டிய பிறகு அது முழுக்க நம் தரப்புக்கு வந்துவிட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன தங்கமயிலைவிட அந்த வண்டியை அவன் அதிகமாகத் துடைக்கிறான் என்று எதிர்வீட்டு இசக்கியம்மாள் சொல்லுவாள். தங்கமயில் அதை மறுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தான். கியர்ப் பெட்டியில் திருகு என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றிச் சாக்கில் வரிசையாக வைத்தான். அடித்திருகைக் கழற்றியதும் பழைய எண்ணெய் கஷாயம்போல் இறங்கியது. ஏந்திப் பிடித்த சட்டி தங்கமயிலின் தயிர்ச்சட்டி என்பது தனக்குத் தெரியவே தெரியாது என்று பிற்பாடு வாதாடினான். சட்டியில் பாதிக்குத் தயிர் இருந்தது என்றாள் தங்கமயில். அது மிகை. ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடித்திருகை மாட்டிவிட்டு, டின்னிலிருந்து புது எண்ணெயை மேல்வாய் வழியாக ஊற்ற ஆரம்பித்தான். கியர் எண்ணெய் கெட்டிப் பாகு மாதிரி இறங்கும். அவசரப்பட்டால் காரியம் நடக்காது. அவன் அவசரப்படவில்லை. ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, பெட்டியின் பக்கவாட்டில் சுண்டுவிரல் நகமளவு இருந்த ஒரு துளையிலிருந்து எண்ணெய் மெல்ல எட்டிப் பார்த்தது. அங்கேயிருந்த சின்னத் திருகையும் கழற்றி வைத்திருந்தான்.

“தங்கம்! ஓடியா! இங்கன ஒழுகுது!”

ஓடி வந்த தங்கமயில் திருகைத் தேடி எடுத்துக் கொடுக்கும்வரை துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டிருந்தான். திருகுக்கு நூல் சுற்றி, சோப்புத் தடவி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். அப்புறம் நிம்மதியாக மீதியையும் ஊற்றி முடித்து, மேல்மூடியைப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டான். தெருவில் போன நாலு பேரிடம் தானாகவே விஷயத்தைச் சொன்னான்.

மறுநாள் காலை கோலம் போட வந்த தங்கமயில், கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். வண்டிக்கு அடியில் உள்ளங்கையளவு எண்ணெய் தேங்கியிருந்தது. அடித்திருகின் நுனியில் அடுத்த சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“எண்ண மாத்தியாச்சு எண்ண மாத்தியாச்சுன்னு ஊரெல்லாம் சொன்னியளே, தரைக்கா மாத்துனிய?”

“புது எண்ணல்லா. பழகுற வரைக்கும் லேசா கசியும்.”

“எண்ண என்னத்தப் பழகும்? அது என்ன ஸ்கூலுக்கா போகுது?”

சாதாரண நாளாக இருந்தால் விஷயம் இந்த அளவில் முடிந்திருக்கும். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் தங்கமயிலின் அக்கா சீனியம்மாளின் புது வீட்டில் பால்காய்ப்பு. அக்கா வீட்டுக்காரர் வேலுச்சாமி டிராம்பே அணுசக்தி நிலையத்தில் வேலை. ஆபீஸ் பஸ் வந்து அழைத்துப் போகும். அங்கே என்ன வேலை என்று கேட்டால் மெல்லச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். அதனால் சொந்தக்காரர்கள் மத்தியில் அணுவே அவர் கையால்தான் பிளக்கப்படுகிறது என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் அவர் அங்கே தண்ணீர் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறார். புது வீட்டுக்கு வாசலிலிருந்தே மொசைக் தரை போட்டிருந்தார். போன வாரம் அழைக்க வந்தபோது, வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சகல, வரும்போது வண்டிய ரோட்டோரமா விட்டுரும். புதுத் தரை பாத்தீரா?” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்போது வண்டி ஒழுகவே இல்லை. அதுதான் தங்கமயிலுக்குப் பொறுக்கவில்லை. இப்போது அவர் வாக்குப் பலித்துவிட்டது. அது இன்னும் பொறுக்கவில்லை.

“இந்தா பாருங்க. எங்க அக்கா வீட்டு வாசல் வரைக்கும் வண்டியிலதான் வருவேன். ரோட்டுல விட்டுட்டு நடந்து வர மாட்டேன். ஆனா அவ வீட்டுத் தரையில ஒரு சொட்டு விழுந்துச்சு, மறுநாளே வண்டிய வித்துப்புடணும். சம்மதமா?”

“விழலன்னா?”

“விழலன்னா ஆயுசுக்கும் இந்த வண்டியப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

இரண்டாவது பாதியின் கவர்ச்சியில் முதல் பாதியைச் சரியாக யோசிக்காமல் செல்லத்துரை சம்மதித்துவிட்டான்.

தாராவியில் ஒரு வண்டி ஒழுகினால் அது வண்டிக்காரனின் சொந்த விஷயம் அல்ல. தோல் கிடங்கில் வேலை செய்கிற பூதத்தான் வேலைக்குப் போகிற வழியில் குனிந்து பார்த்து, அடித்திருகைத் தொட்டு, விரலை முகர்ந்து, “வாஷர்தான்” என்றார். அன்று சாயங்காலமே நல்ல எருமைத் தோலில் ஒரு வாஷர் வெட்டிக்கொண்டு வந்தார். செருப்புக்கு அடியில் போட்டால் பத்து வருஷம் தாங்கும். திருகுக்கு அடியில் போட்டார்கள். மறுநாளும் ஒழுகியது. “தோலு ஊறணும்” என்றார் பூதத்தான். அதற்கு மறுநாள் தோல் நன்றாக ஊறி, அதுவும் சேர்ந்து ஒழுகியது.

இசக்கியம்மாள் வாஷர், திருகு என்று ஆராயப் போகவில்லை. “யாரோ கண்ணு வச்சிட்டாவ” என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் தெருவே இருமியது. வண்டி இருமவில்லை. ஒழுகியது.

இத்தனைக்கும் நடுவில் செல்லத்துரை தன் கடமையில் தவறவில்லை. இரவெல்லாம் எண்ணெயை இழந்து வண்டி வாடிப்போயிருக்குமே என்று தினமும் காலையில் கடைக்குக் கிளம்புமுன் மேல்மூடியைத் திறந்து, டின்னிலிருந்து ஒரு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் போவான். சொட்டியது ஒரு கரண்டி இருக்குமா, அரைக் கரண்டி இருக்குமா என்று சந்தேகம் வந்தால் ஒன்றரையாக ஊற்றுவான். ஒழுகுகிறது என்பதற்காக வண்டியைப் பட்டினி போட்டார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது.

வெள்ளிக்கிழமை ஆனபோது அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கனவில் ஒரு மொசைக் தரை வந்தது. அதன் நடுவில் வேலுச்சாமி நின்றுகொண்டு மெல்லச் சிரித்தார். வேறு வழியில்லாமல், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற அபுதாஹிரிடம் போனான். மேலப்பாளையத்துக்காரர். டாக்ஸிகளை மட்டும் தொடுவார். செல்லத்துரை கடையில்தான் அவர் வீட்டுக்கு நல்லெண்ணெய்.

“ஏ பாய், வண்டி ஒழுகுதுவே.”

“கேள்விப்பட்டேன்.”

“யாரு சொன்னா?”

“காட்கோபர்லேருந்து ஒரு டாக்ஸிக்காரன் வந்தான். அவனே சொன்னான்.” அபுதாஹிர் ஒரு காரின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். “எண்ணக்கடைக்காரரு எண்ண மாத்துனாரு, தாராவி பூரா எண்ணன்னான்.”

“காலிபீலி வெட்டிப்பேச்சு பேசாதீரும். எனக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள நிக்கணும். வண்டி போயிரும்வே கையவிட்டு.”

“எங்கருந்து ஒழுகுது?”

“அடித்திருகுலேருந்து.”

“அங்கருந்துதான் சொட்டும். எங்கருந்து வந்தாலும் எண்ண கீழதான வரும்? மேல போகுமா?” அபுதாஹிர் மறுபடி காருக்கு அடியில் போய்விட்டார். குரல் மட்டும் வந்தது. “மண்ணெண்ணெய் போட்டுப் பெட்டிய ஏக்தம் சுத்தமா கழுவும். காயவிட்டு மூஞ்சிப் பவுடர் தூவும். சயான் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து பாரும். பவுடரு எங்க மொதல்ல நனையுதோ அதான் ஓட்ட. பாத்துட்டு வந்து சொல்லும். நான் எங்கயும் போயிர மாட்டேன், இந்த அம்பாசிடர் என் மேலதான் நிக்கி.”

சனிக்கிழமை காலை செல்லத்துரை வண்டியைக் குளிப்பாட்டினான். தங்கமயிலின் பவுடர் டப்பாவை எடுப்பதற்கு முன், தயிர்ச்சட்டி அனுபவம் இருந்ததால், கேட்டே எடுத்தான். அவள் டப்பாவைக் கொடுக்கவில்லை. தானே கொண்டு வந்தாள்.

“நீங்க போட்டா அப்பிப்புடுவிய. தள்ளுங்க.”

முகத்துக்குப் போடுவதுபோல் துணியில் தொட்டு, மெல்லிசாக, ஒரே சீராகப் பெட்டி முழுக்க ஒற்றினாள். கறுப்பு வண்டியின் வயிறு மட்டும் கல்யாணப் பெண்ணின் கன்னம்போல் வெளுத்தது. செல்லத்துரை சயான் வரை போய்த் திரும்பினான். வழியில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் வண்டியைப் பார்த்துக் கையைக் காட்ட மறந்து நின்றார்.

வந்ததும் இரண்டு பேரும் குந்தினார்கள். அடித்திருகைச் சுற்றிப் பவுடர் போட்டது போட்டபடி இருந்தது. பூதத்தானின் வாஷர்மேல் இருந்த பழி நீங்கியது. அதற்கு மேலே, உதைத்து ஸ்டார்ட் செய்கிற கிக்கர் தண்டு பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் பவுடர் கறுத்து, அங்கேயிருந்து ஒரு கோடு கிளம்பி வளைந்து கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது.

“மேலருந்துல்லா வருது!” என்றான் செல்லத்துரை. திருகு என்றால் மாற்றலாம். தண்டு என்றால் பெட்டியையே பிரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நடக்கிற காரியமா அது? “போச்சு. வண்டி போச்சு.”

தங்கமயில் எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் பவுடர் விரலை ஊன்றிக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தாள்.

“அந்த ஒசரத்துலருந்து வழியணும்னா, உள்ள அந்த ஒசரம் வரைக்கும் எண்ண நிக்கணும்லா?”

“நிக்கும். நிறையத்தான ஊத்தியிருக்கேன்.”

“ஆறு நாளா ஒழுகியும் கொறையலியா?”

“எப்பிடிக் கொறையும்? தெனமும் ஒரு கரண்டி ஊத்துதேன்லா.”

தங்கமயில் திரும்பி அவனைப் பார்த்தாள். செல்லத்துரைக்கு அந்தப் பார்வை பழக்கம்தான். ஆனால் இவ்வளவு நீளமாக வந்ததில்லை.

“தெனமுமா?”

“பின்ன? சொட்டுன அளவு திருப்பி ஊத்தணும்லா?”

“இந்தப் பக்கத்துல ஒரு சின்னத் திருகு இருக்கே, நூலச் சுத்தி இறுக்குனியளே, அது என்னத்துக்கு?”

“அதா? அதுலயும் ஒழுகுச்சு. நாந்தான் பராபர் அடச்சேன், ஒரு சொட்டு வராம.”

“ஒழுகுச்சா, இல்ல, போதும்னு சொல்லுச்சா?”

செல்லத்துரைக்கு உடனே விளங்கவில்லை. கடையில் எந்தப் பாத்திரத்தையும் கழுத்துக்குக் கீழே நிறுத்திப் பழகாதவன் அவன். பாட்டிலில் கொஞ்சம் இடம் தெரிந்தால் வாங்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அப்பா சொல்லி வளர்த்த கை அது. உலகத்தில் எந்தக் கொள்கலமாவது பாதியோடு திருப்தி அடையும் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“தல தீபாவளிக்கிச் சீர் கொண்டுக்கிட்டு எங்க அய்யா இங்கன வந்தாவல்லா,” என்றாள் தங்கமயில். “எலைய மூடிட்டு எந்திரிக்கப் போனாவ. நீங்க எலையத் திருப்பித் தொறந்து பாயாசம் ஊத்துனிய. அவுக கைய வச்சு மறச்சாவ. கை மேலயே ஊத்துனிய. ஊருக்குப் போற வரைக்கும் அவுகளுக்கு வயிறு நேராவல.”

“அது மரியாதைல்லா!”

“இதுக்கும் அதே மரியாதைதான் பண்ணியிருக்கிய. சவம், அது வாயத் தொறந்து வேண்டாம்னுருக்கு. நீங்க வாய அடச்சிட்டு ஊத்தியிருக்கிய. அது வேற எங்கனதான் கக்கும்?”

அவளே ஸ்பானரை எடுத்துச் சின்னத் திருகைத் திருகினாள். நூலும் சோப்புமாக அது முனகிக்கொண்டு வெளியே வந்தது. பின்னாலேயே எண்ணெய் வந்தது. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. தயிர்ச்சட்டி நிறைந்தது. (அதற்கு இனி வேறு பயன் இல்லை என்று தீர்ப்பாகியிருந்தது.) செல்லத்துரை பதறிக் கையை நீட்டப் போனபோது தங்கமயில் அவன் கையைத் தட்டிவிட்டாள். கொஞ்சநேரத்தில் ஓட்டம் நூலாகி, நூல் சொட்டாகி, சொட்டு தானாகவே நின்றது.

அபுதாஹிருக்குச் செய்தி போனதும், அடுத்த முறை நல்லெண்ணெய் வாங்க வரும்போது பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் செம்பூருக்குக் கிளம்பினார்கள். தங்கமயில் மாம்பழக் கலர்ப் பட்டுடுத்தி, முறுக்கு டின்னைக் கேரியரில் கட்டிவைத்து, ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். செல்லத்துரை வண்டியை ரோட்டோரத்தில் நிறுத்தவில்லை. நேராக வாசல் மொசைக்கில் ஏற்றி, ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை அணைத்தான். வேலுச்சாமி உள்ளேயிருந்து விரைந்து வந்தார். கதிர்வீச்சு இருக்கிற இடத்தைப் பார்க்கிறவர்போல் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தார். தரை பளிங்காக இருந்தது.

“பரவால்லியே சகல,” என்றார். அவர் குரலில் சந்தோஷம் சுத்தமாக இல்லை.

பால் பொங்கியது. எல்லோரும் கும்பிட்டார்கள். செல்லத்துரை உள்ளே உட்கார்ந்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேரியரிலிருந்து முறுக்கு டின்னை எடுத்துவரப் போன தங்கமயில் திரும்பவில்லை. வண்டியை ஒட்டி, சேலைக் கொசுவம் தரையில் பரவ, சிலைபோல் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏட்டி தங்கம், உள்ள வா,” என்று சீனியம்மாள் கூப்பிட்டாள்.

“இங்கன காத்து நல்லா வருதுக்கா.”

செம்பூரில் அன்று இலை அசையவில்லை. கொஞ்சநேரம் கழித்து வேலுச்சாமி போனார்.

“என்ன தங்கம், வண்டிக்குக் காவலா?”

“ஆமா அத்தான். எங்க வண்டியப் பாத்துட்டுப் போறவாற ஆளெல்லாம் நிக்காவ. நீங்க போயி எல போடச் சொல்லுங்க.”

இலை போட்டார்கள். தங்கமயில் வரவில்லை. சீனியம்மாளே ஒரு தட்டில் வடையும் பாயாசமும் கொண்டுபோய்க் கொடுத்தாள். நின்ற இடத்திலேயே, இடது கையை சீட்டில் ஊன்றிக்கொண்டு, ஒரு அடிகூட நகராமல் சாப்பிட்டாள். அக்காமேல் ஏதோ கோபம் என்று கூடத்தில் ஒரு பேச்சுக் கிளம்பியது. செல்லத்துரை கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தான்.

“என்னாச்சு?”

“சிரிச்சுக்கிட்டே போயிட்டு வாரோம்னு சொல்லுங்க. வண்டிய மெதுவா முன்னால தள்ளுங்க. நான் சொல்லும்போது நிறுத்துங்க, ஏறிக்கிடுவேன்.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பல் மட்டும் கடித்திருந்தது. செல்லத்துரை எல்லோரிடமும் விடைபெற்று வண்டியைத் தள்ளினான். தங்கமயில் ஒரு காலை இழுத்து இழுத்து வண்டியோடேயே நடந்து வந்து, வாசல் தாண்டி ரோடு வந்ததும் ஏறிக்கொண்டாள். வேலுச்சாமி குனிந்து குனிந்து தரையைப் பார்த்தது பின்னால் தெரிந்தது. ஒன்றும் அகப்படவில்லை.

செம்பூர் ஸ்டேஷன் தாண்டியதும் செல்லத்துரை வண்டியை நிறுத்தினான். “சொல்லு. என்ன?”

தங்கமயில் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். வலது புறங்கால் முழுக்கக் கறுப்பு எண்ணெய். மெட்டி இருந்த இடம் தெரியவில்லை. இத்தனை நாள் வழிந்ததில் கொஞ்சம் சட்டத்தின் இடுக்குகளில் ஒளிந்திருந்து, வண்டிச் சூட்டில் இளகிப் பால்காய்ப்பு நேரம் பார்த்து இறங்கியிருக்கிறது. டின்னை எடுக்கப் போனவள் அது தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். காலை நீட்டி ஏந்தியிருக்கிறாள். ஒன்று விழுந்தால் இன்னொன்று தொங்கியது. எப்படி நகர்வது?

செல்லத்துரை அந்தக் காலையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்ப நாளைக்கு வண்டிய வித்துறணுமா?” என்றான்.

“எதுக்கு?”

“சொட்டு விழுந்துச்சே.”

“அக்கா வீட்டுத் தரையில விழுந்தாத்தான விக்கணும்? இது என் கால்லல்லா விழுந்துச்சு.” அவள் சேலையை இறக்கிச் சரிசெய்துகொண்டாள். “உங்கள எதுவேணாலும் நான் சொல்லுவேன். அந்த மனுசன் சொல்லிப்புடக் கூடாது. வண்டிய எடுங்க, காலு எரியுது.”

செல்லத்துரை கிக்கரை உதைத்தான். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. வீடு வரைக்கும் பள்ளம் மேடு பார்த்து, மாவு மூட்டை ஏற்றி வருகிறவன்போல் மெல்ல ஓட்டினான். வீட்டு வாசலில் அவளைச் சாக்கில் உட்காரவைத்து, துணியில் மண்ணெண்ணெய் நனைத்து, காலைத் தன் மடியில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தான். எதிர்வீட்டு இசக்கியம்மாள் வாசலுக்கு வந்து, வண்டியையும் பார்த்தாள், இதையும் பார்த்தாள். உள்ளே போய்த் தன் வீட்டுச் சோப்பைக் கொண்டுவந்து சாக்கில் வைத்துவிட்டுப் போனாள்.